அட்வான்ஸ் இப்போது யார் கையில்?

சென்னையில் துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள், ஓனரை நேரில் பார்த்தவர் அநேகமாக ஒருவர்தான் இருப்பார். சில வீடுகளில் அவரும் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். மற்றவர்கள் நண்பனுடைய நண்பனாக வந்தவர்கள், அல்லது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "ஒரு ஆள் வேண்டும், அட்டாச்டு பாத்ரூம், வெஜ் நான்வெஜ் பிரச்சினை இல்லை" என்று பார்த்துவிட்டு வந்தவர்கள். வந்த அன்று ஒரு தொகையை ஜிபேயில் அனுப்பினார்கள், ஒரு சாவி கிடைத்தது, ஒப்பந்தம் அவ்வளவுதான். இதற்கு உள்வாடகை என்று பெயர். ஆனால் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், "ஷேரிங்" என்பார்கள்.

ஓடுகிற வரைக்கும் இது நன்றாகவே ஓடும். மூன்று மாத அட்வான்ஸ் புரட்ட முடியாத இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு வேறு வழியும் கிடையாது. சண்டை வருவது ஒருவர் காலி செய்யும்போதுதான். அப்போது பெயின்டிங் சார்ஜ், உடைந்த குழாய், கரண்ட் பில், "ஒரு மாசம் முன்னாடியே சொல்லல" என்று எதை எதையோ பேசிக்கொள்வார்கள். நான் பார்த்தவரை அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: அந்த அட்வான்ஸ் பணம் இந்த நிமிடம் உண்மையில் யார் கையில் இருக்கிறது? சாதாரண வாடகை வீட்டில் இது கேள்வியே இல்லை, வீடு யாருடையதோ பணமும் அவரிடம். உள்வாடகையில் படுக்க இடம் கொடுத்தவர் ஒருவர், பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் இன்னொருவர், அக்ரிமென்ட் இருப்பது மூன்றாவது ஆள் பெயரில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கணக்குப் புத்தகத்து ராமுவையும் சோமுவையுமே கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 24,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், அதாவது 1,20,000. ராமு பெயரில் 11 மாத அக்ரிமென்ட். ராமு, சோமு, பாபு, கோபு நாலு பேரும் தலைக்கு 30,000 போட்டு ஓனரிடம் கொடுக்கிறார்கள், மாதம் தலைக்கு 6,000. பதினோரு மாதம் முடிகிறது, யாரும் அக்ரிமென்டைப் புதுப்பிக்கவில்லை, ஓனரும் கேட்கவில்லை, வாடகை வந்துகொண்டிருந்தால் அவருக்குப் போதும். இரண்டாம் வருடம் சோமுவுக்குக் கல்யாணம், காலி செய்கிறார். அவர் இடத்துக்கு மணி வருகிறார், 30,000 ரூபாயைச் சோமுவிடமே கொடுத்துவிடுகிறார். ஓனர் வரைக்கும் எதற்குப் போக வேண்டும், உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் வருடம் ராமுவுக்குப் புனேயில் வேலை. சேகர் வருகிறார், ராமுவுக்கு 30,000 கொடுக்கிறார். இப்போது அந்த வீட்டில் ராமுவுக்கு ஒரு பைசா சம்பந்தம் இல்லை. ஆனால் ஓனரிடம் இருக்கும் காகிதத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நாலாம் வருடம் மணி காலி செய்ய வேண்டும். நவம்பர் மாதம், அடைமழை, புது ஆள் யாரும் வீடு பார்க்க வரவில்லை. மணி தன் 30,000 ரூபாயை யாரிடம் கேட்பது?

சோமுவிடம் கேட்டால், "மச்சி, நான் வரும்போது போட்டதை நீ எனக்குக் கொடுத்த, என் கணக்கு முடிஞ்சது" என்பார். ஓனருக்கு போன் செய்தால், "தம்பி, நீங்க யாரு? எனக்கு ராமுவைத்தானே தெரியும்" என்பார், உண்மையில் அவர் சொல்வதில் தப்பும் இல்லை. புனேக்கு போன் போட்டால் ராமு, "என்கிட்ட ஒரு பைசா கிடையாதுடா, ஓனர் கிட்டதான் இருக்கு" என்பார், அதுவும் உண்மைதான். வீட்டில் மீதி இருக்கும் மூன்று பேரும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: "உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக் கொடுத்துட்டு, அவன்கிட்ட வாங்கிக்கோ." எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், யாரும் திருடனில்லை, ஆனாலும் மணிக்குப் பணம் இல்லை. உள்வாடகைச் சண்டையில் ஏமாற்றுக்காரன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் விஷயம் புரியவே புரியாது. ஆள் மாறும்போதெல்லாம் பணமும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியது, ஆனால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை கூடவே மாறியதா என்று யாரும் பார்க்கவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும்? முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். "பேப்பரே இல்லை, அப்போ எனக்கு ஒண்ணும் கிடையாது" என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 107ஆவது பிரிவு, ஒரு வருடத்துக்கு மேற்படாத வாடகைக்கு வாய்மொழியாகப் பேசி இடத்தை ஒப்படைத்தாலே போதும் என்கிறது. (பதினோரு மாத அக்ரிமென்ட் என்ற சம்பிரதாயமே ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தாண்டிக் குதிக்க வந்ததுதான்.) ஆக வாய்ப்பேச்சுக்கும் மதிப்பு உண்டு, தமிழ்நாட்டின் புதுச் சட்டம் எழுத்தில் கேட்பதைப் பின்னால் பார்ப்போம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோமுவுக்கு வர வேண்டிய 30,000 என்பது ஒரு கடன் மாதிரி. அதைக் கேட்கும் உரிமையைச் சோமு மணிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றால் அது எழுத்தில், சோமுவின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 130ஆவது பிரிவு சொல்கிறது. மணி 30,000 கொடுத்தார், ஆனால் அதற்குப் பதிலாக எதை வாங்கினார் என்று ஒரு வக்கீல் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அன்றைக்கே ஒரு மெசேஜ். "ராமு, சோமு போட்ட 30,000 அட்வான்ஸை நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன், இனி அந்தப் பங்கு என்னுடையது, நான் காலி செய்யும்போது எனக்கு வர வேண்டும், சரியா?" என்று மணி போட்டு, ராமு "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டிருந்தால், மூன்று பேரும் ஒப்புக்கொண்டு பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கைத் தொடங்கியதாக ஆகிவிடும், ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ராமு புனேக்குப் போகும்போது இதையே ஓனரிடம் செய்திருக்க வேண்டும். அந்தச் "சரி"யை வாங்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் புதிதாகக் குடிவருகிற அன்று எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சரி, ஓனர் பக்கம் என்ன? 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது, 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். உள்வாடகைக்கு விட வேண்டுமானால் ஓனரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும், வாங்காமல் விட்டால் காலி செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக அதுவே ஒரு காரணம். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததும்கூடக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இதனால் மணி மாதிரி ஆள் ஓனரிடம் உரிமை பேசப் போனால், அவர் பேச ஆரம்பித்த உடனேயே வீட்டில் மிச்சம் இருக்கும் மூன்று பேரின் கூரையும் ஆட ஆரம்பிக்கும். "ஓனர்கிட்ட மட்டும் போகாதடா" என்று மற்றவர்கள் கெஞ்சுவது இதனால்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையின் கதை வேடிக்கையானது. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஊர் பத்து மாதம் என்றது. பத்து மாதம் வாங்கியவர்களுக்கும் அவர்கள் பக்கத்து நியாயம் ஒன்று இருந்தது, கேஸ் போட்டுக் காலி செய்ய வைக்க வருடக் கணக்காகும், அதுவரை கையில் ஏதாவது பிணை வேண்டாமா என்று. புதுச் சட்டம் மூன்று மாத வாடகை என்று வைத்திருக்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வாடகைதாரர் என்று ஓனர் ஒப்புக்கொள்வது ராமுவை. பணம் போய்ச் சேருவது ராமுவின் வங்கிக் கணக்குக்கு. ராமு நல்லவராக இருந்தால் அன்று மாலையே பிரித்து அனுப்புவார், பெரும்பாலான ராமுக்கள் அப்படித்தான். கொஞ்சம் கஷ்டத்தில் இருக்கிற ராமு, "அடுத்த மாசம் தரேன்டா" என்பார். அங்கே ஆரம்பிக்கிறது இன்னொரு கதை.

கழிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓனர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 24,000 பிடிக்கிறார், பாத்ரூம் கதவு, குழாய், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் என்று 6,000, மொத்தம் 30,000 போக 90,000 தருகிறார். நாலு பங்கு போட்டால் தலைக்கு 7,500 நஷ்டம். நாலு வருடம் இருந்த பாபுவுக்கு இது மாதம் 150 ரூபாய் சொச்சம். அவரோடு சேர்ந்து காலி செய்கிற ஒருவர் ஐந்தே மாதம்தான் இருந்தார் என்றால் அவருக்கு மாதம் 1,500, அதாவது அவர் கொடுத்த உண்மையான வாடகை 6,000 இல்லை, 7,500. சுவரை அழுக்காக்கியது அவருக்கு முன்னால் இருந்தவர், அவரோ முழு 30,000 ரூபாயையும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில் கடைசியாக இருப்பவன் தலையில்தான் நாலு வருடத்துச் சுவரும் விழும். பிடித்தத்தை நாட்களுக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும் என்று யாராவது முன்பே பேசியிருந்தால் ஒழிய, இதைப் பின்னால் சரிசெய்ய முடிந்து நான் பார்த்ததில்லை. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்றால், சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை, அதைத் தவிர வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நாலு வருடத்தில் மங்கிப்போன பெயின்ட் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அக்ரிமென்டில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்று ராமு கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்தை மற்றவர்கள் யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

"எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்" என்பது அடுத்தது. வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத மாத வாடகைக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவு 15 நாள் நோட்டீஸ் என்கிறது, அதுவும் எழுத்தில், கையெழுத்தோடு, மற்றவர் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. ஊர் வழக்கம் ஒரு மாதம், அக்ரிமென்டில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மாதம். ஷேரிங் வீட்டில் என்ன நடக்கிறது? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அநேகமா அடுத்த மாசம் கெளம்பிடுவேன்னு நெனைக்கிறேன்" என்பார் ஒருவர். அவர் கணக்கில் அது நோட்டீஸ். கேட்டவர்கள் கணக்கில் அது புலம்பல். அப்புறம் மாதக் கடைசியில் பையைத் தூக்கும்போது, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பிக்கும். தேதியைப் போட்டுக் குரூப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சண்டையில் பாதி போய்விடும்: "ஜூன் 30 எனக்குக் கடைசி நாள்."

இன்னொரு பழக்கம், "அட்வான்ஸில் கழிச்சுக்கோ." கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் இருந்துவிட்டுப் போவது. நேராக ஓனரிடம் பணம் கொடுத்த வாடகைதாரருக்கு இது ஓரளவு பாதுகாப்பான வழி, பழைய சட்டக் காலத்தில் உச்ச நீதிமன்றமே 1996இல் ஒரு வழக்கில், சட்டத்துக்கு மேல் வாங்கிய அட்வான்ஸை வாடகைப் பாக்கியில் கழித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் மணி இதைச் செய்தால் என்ன ஆகும்? மணியின் பணம் பாபுவிடமோ கோபுவிடமோ இல்லை. மணி 6,000 தராவிட்டால் அவர்கள் தங்கள் கைப்பணத்தில் போட்டு ஓனருக்கு 24,000 கட்ட வேண்டும், ஓனர் அட்வான்ஸில் கழிக்கச் சம்மதிக்க மாட்டார், அவருக்கு வீடு காலியாகவே இல்லையே. கழித்துக்கொள் என்று ஒருவரிடம் சொல்வதற்கு அந்தப் பணம் அவர் கையில் இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் வாடகையை நிறுத்தியதால் பத்து வருட நட்பு முறிந்த இடங்கள் உண்டு. மீதி மூன்று பேரும் ஒப்புக்கொண்டு, "ஐந்து மாதம் நாங்கள் உன் வாடகையைப் போடுகிறோம், அதோடு உன் அட்வான்ஸ் கணக்கு தீர்ந்தது, உன் பங்கு இனி எங்களுடையது" என்று பேசி முடித்தால் அது வேறு. புது ஆள் கிடைக்காத மாதங்களில் நியாயமான வழி இதுவென்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு மணி இன்னும் ஐந்து மாதம் அங்கே இருக்க வேண்டும், வேலை மாறிப் போகிறவரால் அது முடியாது.

கரண்ட் பில்லை விட்டுவிட்டால் கட்டுரை முழுமையாகாது. இது பார்க்கச் சின்ன விஷயம், பேச்சுவார்த்தை உடைவதோ பெரும்பாலும் இதில்தான். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் 31ஆம் தேதி போகிறீர்கள், ரீடிங் எடுக்க ஆள் வருவது இருபது நாள் கழித்து. முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ரேட் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே இருக்கும் படிகளுக்குமே ரேட் மாறிவிடும். நீங்கள் போன பிறகு வந்தவர் மே மாதம் முழுக்க ஏசியைப் போட்டு 500ஐத் தாண்ட வைத்தால், நீங்கள் இருந்த நாட்களின் யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது. நாள் கணக்கில் பிரிப்பதா, யூனிட் கணக்கில் பிரிப்பதா, ஏசி இருக்கும் ரூம் அதிகம் தர வேண்டுமா? எனக்கே ஒருமுறை இப்படி, காலி செய்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு பில்லின் போட்டோ வந்தது, என் பங்கு என்று ஒரு தொகையும் கீழே. அதைவிட எனக்குத் தர வேண்டியது அதிகம் இருந்ததால் கழித்துவிட்டு அனுப்பினார்கள், கழித்தது சரியா தப்பா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதிலிருந்து வீட்டைக் காலி செய்கிற அன்று நான் செய்யும் முதல் வேலை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து, சிலந்தி வலையை ஒதுக்கிவிட்டு, எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. தேதியும் நேரமும் போட்டோவிலேயே இருக்கும். அதை அன்றே குரூப்பில் போட்டுவிட வேண்டும், குரூப்பிலிருந்து நம்மைத் தூக்குவதற்கு முன்.

சண்டை முற்றிப்போய் ஒருவர் பூட்டை மாற்றிவிடுகிறார், அல்லது "பாக்கியை வச்சுட்டு பைக்கை எடு" என்று பொருட்களைப் பிடித்து வைக்கிறார் என்றால்? ஒரே ரூமில் மூன்று பேர் படுத்திருந்த வீட்டில், தனியாக ஒரு அறை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், உங்களை வாடகைதாரர் என்று சொல்வதே சந்தேகம், இருந்துகொள்ள அனுமதி பெற்றவர் என்றுதான் நீதிமன்றம் பார்க்கக்கூடும். இடம் யார் வசம் முழுமையாக இருந்தது என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது 1959இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடர்ந்து வருகிறது. அப்படி வெறும் அனுமதி பெற்றவராகவே இருந்தாலும், அனுமதி ரத்தான பின் இடத்தை விட்டுப் போகவும் பொருட்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு சொல்கிறது. உண்மையிலேயே இடம் உங்கள் வசம் இருந்து, சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ளப்பட்டிருந்தால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம், அங்கே யார் சொந்தக்காரர் என்ற கேள்வியே எழாது. பூட்டை மாற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் பல பூட்டுகள் மாறாது.

இதே ஏற்பாடு பெரிய அளவில் நடந்தால் அதுவே மோசடி ஆகிவிடுகிறது. நம் ஊரில் "லீஸ்" என்றால் ஒத்தி, போக்கியம். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவது. நடுவில் ஒரு ஆள் ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறார், வெளிநாட்டில் இருக்கும் ஓனர் என்றால் இன்னும் வசதி. அதே வீட்டை ஒரு குடும்பத்துக்கு லீஸுக்கு விடுகிறார், மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார், ஓனருக்குச் சில மாதம் ஒழுங்காக வாடகை போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஓனர் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர்கள் தாங்கள் முழுப் பணம் கொடுத்துக் குடியிருப்பதாகச் சொல்கிறார்கள். சென்னை மத்தியக் குற்றப்பிரிவுக்கு இப்படிப்பட்ட புகார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஷேரிங் வீட்டு மணிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நிலைமை ஒன்றுதான், வீடு ஒருவரிடம், பணம் வேறொருவரிடம். வித்தியாசம், இங்கே நடுவில் இருப்பவர் முதலிலிருந்தே கணக்குப் போட்டு வந்தவர். அதனால் இது குற்ற வழக்கு ஆகிறது.

மணியின் 30,000 அப்படி ஆகாது. காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் மேட்டர் தம்பி" என்பார்கள். சில இடத்தில் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பேசி, பாதி வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள், பலர் அதோடு திருப்தியாகி விடுகிறார்கள். சிவில் வழக்கு என்றால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள். ஆனால் 30,000 ரூபாய்க்கு வக்கீல் வைத்து வாய்தா வாய்தாவாக அலைவது கட்டுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் போவதில்லை: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே எழுதியதற்கு மேல்முறையீடும் கிடையாது. எதிர்த்தரப்பு வர மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதன் பலவீனம். என்றாலும் அரசு முத்திரையோடு ஒரு கடிதம் புனே வீட்டுக்குப் போகும்போது, "அடுத்த மாசம்" என்பது சில சமயம் இந்த மாதமாகிவிடும்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரம். ஜிபேயில் 30,000 போனது தெரியும், எதற்குப் போனது என்பது தெரியாது. "என்கிட்ட கைமாத்தா வாங்கியிருந்தான், திருப்பிக் கொடுத்தான்" என்று பணம் வாங்கியவர் சொன்னால் முடிந்தது. அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் "ரூம் அட்வான்ஸ்" என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால் அந்தக் கதை எடுபடாது. வாட்ஸ்அப் பேச்சையும் ஆதாரமாகத் தரலாம், ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரின்ட் போதாது, ஜூலை 2024 முதல் வந்திருக்கும் புதுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் ஒன்றும் சேர்க்க வேண்டும். அதனால் கணக்குத் தீருகிற வரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், கோபத்தில் சாட்டை அழித்துவிட்டும் போகாதீர்கள்.

பெண்கள் சேர்ந்து எடுக்கும் வீடுகளில் இதே கதைக்கு வேறு ஒரு திருப்பம் உண்டு. அங்கே ஓனர் ஒவ்வொருவருடைய அப்பா நம்பரையும் வாங்கி வைத்திருப்பார், புதிதாக யார் வந்தாலும் ஆதார் நகல் கேட்பார், "யாரும்மா அது புதுசா?" என்று மாடியிலிருந்தே விசாரணை நடக்கும். எரிச்சலூட்டும் விஷயம்தான். ஆனால் அந்த விசாரணையாலேயே யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது ஓனருக்குத் தெரிந்திருக்கிறது, அட்வான்ஸ் பேச்சு வரும்போது "நீ யாரு" என்ற கேள்வி எழுவதில்லை.

இனி கேஸ் சிலிண்டர். நாலு பேர் வீட்டில் கேஸ் இணைப்பு முதன்முதலில் குடிவந்த யாரோ ஒருவர் பெயரில் இருக்கும், டெபாசிட்டும் அவர் கட்டியது, காலி செய்யும்போது, "இருக்கட்டும்டா, யூஸ் பண்ணிக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போயிருப்பார். எங்கள் வீட்டில் அப்படி விட்டுப்போனவர் எனக்கு மூன்று தலைமுறை முந்தையவர், அவரை நான் பார்த்ததே இல்லை. சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணன் வாசலில் நின்று, "ஓடிபி சொல்லுங்க சார்" என்பார். ஓடிபி போவது இணைப்பை விட்டுப்போனவருடைய போனுக்கு. நாங்கள் அவருக்கு போன் செய்வோம், அவர் ஏதோ மீட்டிங்கில் இருப்பார், கட் செய்வார், அண்ணன் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு உட்காருவார். பத்து நிமிடம் கழித்து நாலு இலக்கம் மட்டும் மெசேஜில் வந்து சேரும், வேறு ஒரு வார்த்தையும் இருக்காது.